நூலகப் பாடவேளையை நடத்துவது எப்படி: தொடக்க வகுப்புகளுக்கான படைப்பாற்றல் செயல்பாடுகள்

தொடக்கப் பள்ளியின் நூலகப் பாடவேளை பெரும்பாலும் இரண்டு வழிகளில் வீணாகிறது. குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, மணி அடிக்கும் வரை பேசாதிருக்கச் சொல்வது ஒரு வழி. வண்ணத்தாள், பசை, கத்தரிக்கோல் என்று மேசையை நிரப்பி, முகமூடி செய்வதிலும் பொம்மை ஒட்டுவதிலும் நேரத்தைக் கழிப்பது இன்னொரு வழி. முதல் வழியில் புத்தகம் கையில் இருந்தும் குழந்தைக்கு அதனோடு உறவு ஏற்படுவதில்லை. இரண்டாவது வழியில் குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறது என்றாலும், அதே வேலையை ஓவிய வகுப்பிலேயே செய்திருக்கலாம்.

ஆகவே எந்தச் செயல்பாட்டைத் திட்டமிட்டாலும் இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அது அலமாரியில் இருக்கும் ஒரு நூலிலிருந்து தொடங்குகிறதா? அது முடியும்போது, இன்னொரு நூலைக் கையில் எடுக்கக் குழந்தைக்கு ஒரு காரணம் கிடைக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று விடை வந்தாலும், அச்செயல்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வேறு பாடவேளைக்கு விட்டுவிடலாம். கீழே சொல்லப்படுபவை இந்த இரண்டு கேள்விகளையும் தாண்டி வந்தவை. இவற்றுக்குத் தாள், பென்சில், அட்டை தவிர வேறு பொருள் எதுவும் பெரிதாகத் தேவைப்படாது.

பாடவேளையைப் பிரித்துக்கொள்ளுதல்

பாடவேளை 40 நிமிடம் என்று கொள்வோம். முதல் 10 நிமிடத்தை வாசித்துக் காட்டுவதற்கும், அடுத்த 20 நிமிடத்தைச் செயல்பாட்டுக்கும், கடைசி 10 நிமிடத்தை நூல் எடுப்பதற்கும் ஒதுக்கலாம். இந்தக் கடைசி 10 நிமிடத்தில்தான் பலரும் கை வைக்கிறார்கள். செயல்பாடு நீண்டுவிட்டால், நூல் எடுப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆர்வம் எழுந்த அந்த நேரத்தில் நூல் கைக்கு வராவிட்டால் அந்த ஆர்வம் ஒரு வாரம் காத்திருக்காது. எனவே செயல்பாடு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, நூல் எடுக்கும் நேரத்தைக் குறைக்காமல் இருப்பதே முறை.

நூலகத்தில் ஓசையே எழக்கூடாது என்ற விதியையும் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கும். ஒரு மூலையைப் பேசும் இடமாகவும், எதிர் மூலையை அமைதியான இடமாகவும் பிரித்துவிட்டால், தனியாகப் படிக்க விரும்பும் குழந்தைக்கும் இடம் கிடைக்கும். அப்படிப்பட்ட குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். கூட்டு விளையாட்டில் சேரும்படி அதை வற்புறுத்தத் தேவையில்லை.

வாசித்துக் காட்டும்போது கேட்க வேண்டியவை

எல்லாச் செயல்பாடுகளுக்கும் அடித்தளம் ஆசிரியரோ நூலகரோ உரக்க வாசித்துக் காட்டுவதுதான். ஆனால் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படித்துவிட்டு, “கதையிலிருந்து என்ன நீதி கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்பதில் பயன் குறைவு. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பெற்றோர் படநூலைப் படித்துக் காட்டும்போது திறந்த கேள்விகளைக் கேட்டு, குழந்தை சொன்ன விடையை விரித்துச் சொல்லி வந்தால், ஒரு மாதத்துக்குள்ளேயே குழந்தையின் மொழித்திறன் கூடுவது தெரியவந்தது. உரையாடல் வாசிப்பு என்று அழைக்கப்படும் இம்முறையை வகுப்பு முழுவதற்கும் பொருந்துமாறு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் அட்டையை மட்டும் காட்டி நிறுத்துங்கள். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, “இந்தப் புத்தகத்துக்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?” என்று கேட்கலாம். பிறகு கதையின் நடுவில் இரண்டு அல்லது மூன்று இடங்களில் மட்டும் நிறுத்த வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தினால் கதை செத்துவிடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே படித்துப் பார்த்து, சிறு காகிதத் துண்டால் அடையாளம் வைத்துக்கொள்வது நலம். கேள்விகளும் ஒரே வகையாக இருக்கக்கூடாது. திரும்பத் திரும்ப வரும் வரியைப் பாதியில் நிறுத்திக் குழந்தைகளை முடிக்கச் சொல்லலாம். முன்பு நடந்ததை நினைவுபடுத்தச் சொல்லலாம். படத்தில் என்ன நடக்கிறது என்று விரிவாகச் சொல்லக் கேட்கலாம். யார், எங்கே, ஏன் என்று கேட்கலாம். “உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?” என்று கதையைக் குழந்தையின் வாழ்வோடு இணைக்கலாம். ஒரு குழந்தை “நாய் ஓடுது” என்று சொன்னால், “ஆமாம், நாய் பயந்துபோய் வேலிக்குப் பின்னால் ஓடுகிறது, எதைக் கண்டு பயந்திருக்கும்?” என்று அந்த விடையின் மேல் ஓர் அடுக்கைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இம்முறையின் உயிர் இந்த விரித்தலில்தான் இருக்கிறது.

சொற்களே இல்லாத படநூல்கள் நூலகத்தில் இருந்தால் அவற்றைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தையும் நன்றாகப் படிக்கும் குழந்தையும் சமமாகக் கதை சொல்லக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஒரே படநூலை இரண்டு குழுக்களிடம் கொடுத்து, ஒரு குழு சொல்வதை மற்றொரு குழு கேட்காதவாறு கதை உருவாக்கச் சொல்லிவிட்டு, பின்னர் இரண்டையும் ஒப்பிட்டால், ஒரே படத்தில் இரண்டு கதைகள் ஒளிந்திருந்ததைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள்.

கதையை அரங்கேற்றுதல்

நாடகம் என்றவுடன் ஒப்பனை, உடை, மனப்பாடம் என்று வேலை பெருகிவிடும். அதற்குப் பதிலாக வாசிப்பு அரங்கம் என்ற எளிய வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கதையின் உரையாடல்களைப் பாத்திரவாரியாகப் பிரித்து எழுதி, குழந்தைகள் தாளைக் கையில் வைத்தபடியே குரல் மாற்றிப் படிப்பார்கள். மனப்பாடம் வேண்டாம், உடையும் வேண்டாம். பார்வையாளர் முன் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகவே அதே பகுதியைக் குழந்தை ஐந்தாறு முறை சலிப்பின்றித் திரும்பப் படிக்கிறது. சரளமாகப் படிக்கும் திறன் வளர்வதற்குத் தேவையானதும் இந்தத் திரும்பப் படித்தலே. கதைசொல்லியின் பகுதியை இருவர் அல்லது மூவருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் ஒருவர் மேல் சுமை ஏறாது. மெதுவாகப் படிக்கும் குழந்தைக்கு, எல்லோரும் சேர்ந்து சொல்லும் வரிகளையும் அடிக்கடி திரும்பி வரும் ஒற்றை வரியையும் கொடுக்கலாம்.

இதைவிடச் சிறிய குழந்தைகளுக்கு ஜப்பானின் கமிஷிபாய் முறை பொருந்தும். கமி என்றால் தாள், ஷிபாய் என்றால் நாடகம். 1930களில் அங்கே தெருக் கதைசொல்லிகள் மிதிவண்டியில் ஒரு சிறு மரச்சட்டத்தை ஏற்றிக்கொண்டு வந்து, குழந்தைகளுக்கு இனிப்பு விற்றுவிட்டு, படத்தாள்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். பள்ளியில் மரச்சட்டத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டி போதும். குழந்தைகள் ஒரு கதையை 8 காட்சிகளாகப் பிரித்துப் படம் வரைய வேண்டும். எதைக் காட்சியாக்குவது, எதை விடுவது என்று விவாதிக்கும்போதே கதைச்சுருக்கம் என்னும் பாடம் நடந்துவிடுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதல் படம் பார்வையாளருக்குத் தெரியும்போது, பின்னால் நிற்கும் கதைசொல்லியின் கண்ணுக்குத் தெரிவது கடைசித் தாளின் பின்பக்கம். எனவே முதல் படத்துக்கான வசனத்தைக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். முதல் தாளை உருவிக் கடைசியில் செருகியதும் அதன் பின்பக்கம் கதைசொல்லியின் கண்முன் வரும். ஆகவே அதில் இரண்டாவது படத்துக்கான வசனம் இருக்க வேண்டும். இதை நேரடியாகச் சொல்லிவிடாமல், தாள்களைக் கையில் கொடுத்து, எங்கே எழுதினால் படிக்க முடியும் என்று குழந்தைகளையே கண்டறியச் செய்வது மேல். சற்று நேரம் குழம்புவார்கள். அந்தக் குழப்பத்துக்கு நேரம் ஒதுக்கலாம்.

எண்களைப் பின்தொடர்ந்து நூலைத் தேடுதல்

நூலின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கும் எண் குழந்தைகளுக்கு ஓர் இரகசியக் குறியீடு போன்றது. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் அறிவுத்துறைகள் அனைத்தும் 000 முதல் 900 வரை பத்துப் பெரும்பிரிவுகளாக அடுக்கப்பட்டுள்ளன. நாட்டுப்புறக் கதைகள் 398.2இலும், வானியல் 520களிலும், விலங்குகள் 590களிலும், சமையல் 641.5இலும், விளையாட்டு 796இலும் அமரும். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண்வேலை. ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் பிடித்த ஒரு பொருளின் எண்ணைக் கண்டுபிடித்து, ‘என் எண்’ என்று வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் ‘மனித அலமாரி’ என்ற விளையாட்டை நடத்தலாம். எண் எழுதிய அட்டையை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அலமாரி வரிசைப்படி நிற்கச் சொல்ல வேண்டும். முழு எண்களில் சிக்கல் வராது. பிறகு நிலாவுக்கான 523.3, செவ்வாய்க் கோளுக்கான 523.43, சூரியனுக்கான 523.7 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் 3, 7, 43 என்று எண்ணிச் செவ்வாயைக் கடைசியில் நிறுத்துவார்கள். புள்ளிக்குப் பின் வரும் எண்ணை முழு எண்ணாகப் படிப்பதால் ஏற்படும் தவறு இது. 523.3 என்பதை 523.30 என்றும், 523.7 என்பதை 523.70 என்றும் எழுதிக் காட்டினால் செவ்வாய் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். கணக்கு வகுப்பில் தசம பின்னம் புரியாத குழந்தைக்கு, நூலைக் காணோம் என்ற அவசரத்தில் அது புரிந்துவிடுவதுண்டு.

அதன்பின் புதையல் வேட்டை. குறிப்புச்சீட்டில், “எட்டுக் கால் உள்ள உயிரினம் எந்த மாதிரி வலை பின்னுகிறது? விடை 590களில் ஒளிந்திருக்கிறது” என்பது போல ஒரு கேள்வியும் ஒரு வழிகாட்டலும் இருக்க வேண்டும். விடை நூலின் உள்ளே இருக்க வேண்டுமே தவிர, அலமாரியில் ஒட்டிய சீட்டில் இருக்கக்கூடாது; சீட்டில் இருந்தால் குழந்தை நூலைத் திறக்கவே திறக்காது. நான் முதன்முதலாக இதை நடத்தியபோது ஒரு வகுப்பையே ஒரே நேரத்தில் அலமாரிகளுக்கு அனுப்பிவிட்டேன். புதையல் கிடைத்தது, ஆனால் அடுத்த இரண்டு நாள்கள் நூல்களை வரிசைப்படுத்துவதில் கழிந்தன. அதன்பின் இருவர் கொண்ட குழுக்களாக, ஒரு நேரத்தில் நான்கு குழுக்களை மட்டும் அனுப்பும் பழக்கம் வந்தது. குழுவுக்கு ஒரு நீண்ட அட்டைக் கீற்றும் கொடுக்க வேண்டும். நூலை உருவும்போது அந்த இடத்தில் கீற்றைச் செருகிவிட்டால், திருப்பி வைக்கும் இடம் தவறாது.

உள்ளடக்கப் பக்கத்துக்கும் நூலின் இறுதியில் இருக்கும் சொல்லடைவுக்கும் உள்ள வேறுபாட்டையும் இதனுடன் சேர்த்துக் கற்பிக்கலாம். ஒரே தகவல் நூலை இரு குழுக்களுக்குக் கொடுத்து, ஒரு குழு உள்ளடக்கத்தை மட்டும், மற்றொரு குழு சொல்லடைவை மட்டும் பயன்படுத்தி ஒரு சிறு தகவலைத் தேட வேண்டும் என்று வைத்தால், எது எதற்கு உதவும் என்பது விளக்கமின்றியே தெரிந்துவிடும்.

பின்னட்டையில் ஒரு கணக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நூலின் பின்னட்டையில் ISBN என்று குறிக்கப்பட்டிருக்கும் சர்வதேச நூல் எண்ணைக் காட்டலாம். 2007ஆம் ஆண்டு முதல் இது 13 இலக்கங்கள் கொண்டது. அதற்கு முன் வந்த நூல்களில் 10 இலக்கங்கள் இருக்கும். பழைய நூல் எது, புதிய நூல் எது என்று பிரிப்பதே முதல் விளையாட்டாகலாம். 13 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். இடமிருந்து தொடங்கி இலக்கங்களை மாறிமாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால், 13 இலக்கங்களின் கூட்டுத்தொகை 10இன் மடங்காக வர வேண்டும். எடுத்துக்காட்டாக 978030640615 என்ற 12 இலக்கங்களுக்கு இப்படிக் கூட்டினால் 93 வரும்; 100ஐ எட்ட 7 தேவை; ஆகவே கடைசி இலக்கம் 7. ஒரு குழந்தை தன் நூலின் எண்ணில் ஓர் இலக்கத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி எழுதித் தர, மற்றொரு குழந்தை அதில் தவறு இருக்கிறதா என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஓர் இலக்கம் மட்டும் மாறியிருந்தால் இந்தக் கணக்கு ஒருபோதும் ஏமாறாது.

ஒரே தாளில் ஒரு நூல்

குழந்தைகள் தாங்களே நூல் செய்வது, நூலகச் செயல்பாடுகளில் மிகவும் பலன் தருவது என்பது என் கருத்து. ஒரு நூலை உருவாக்கிய குழந்தை, அதன்பின் அலமாரியில் இருக்கும் எந்த நூலையும் முன்போலப் பார்ப்பதில்லை. தலைப்புப் பக்கத்தில் என்ன இருக்கிறது, படம் எங்கே முடிகிறது, பக்க எண் எங்கே போடப்பட்டிருக்கிறது என்று கவனிக்கத் தொடங்குகிறது.

இதற்கு ஓர் ஏ4 தாள் போதும். தாளை அகலவாக்கில் மேசையில் வைத்து, நீண்ட விளிம்புகள் இரண்டும் சேருமாறு மடித்துத் தடம் பதித்து விரிக்க வேண்டும். அடுத்து, குறுகிய விளிம்புகள் சேருமாறு மடித்து விரிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு குறுகிய விளிம்பையும் நடுத் தடம் வரை கொண்டுவந்து மடித்து விரித்தால், தாளில் எட்டுக் கட்டங்கள் தெரியும். இப்போது குறுகிய விளிம்புகள் சேருமாறு மீண்டும் மடித்துக்கொண்டு, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து, நடுவில் கிடைமட்டமாகச் செல்லும் தடத்தின் வழியே, முதல் குறுக்குத் தடம் வரை மட்டும் வெட்ட வேண்டும். விரித்துப் பார்த்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். நீண்ட விளிம்புகள் சேருமாறு மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் பிளவு வாய் திறந்து, தாள் கூட்டல் குறி போல நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சேர்த்து அழுத்தினால் 74 மி.மீ. அகலமும் 105 மி.மீ. உயரமும் கொண்ட எட்டுப் பக்க நூல் கிடைக்கும். பசையும் தையலும் வேண்டியதில்லை. சிறு குழந்தைகளுக்கு வெட்டும் வேலையை மட்டும் பெரியவர் செய்து கொடுக்கலாம்.

எழுதுவதற்கு முன் பக்க எண்களைப் பென்சிலால் போடச் சொல்லி, தாளை மறுபடி விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். அச்சகத்தில் பெரிய தாளில் பக்கங்களை இப்படித்தான் முன்பின்னாக அடுக்கி அச்சிட்டு மடிக்கிறார்கள். படநூல்களில் பெரும்பாலானவை 32 பக்கம் கொண்டிருப்பதற்கும் காரணம் இந்த மடிப்புக் கணக்குதான். உடனே அலமாரிக்குப் போய்ப் பக்கங்களை எண்ணிப் பார்க்கக் குழந்தைகள் ஆசைப்படுவார்கள், விட்டுவிடுங்கள்.

எட்டுப் பக்கத்தில் முன்னட்டையும் பின்னட்டையும் போக ஆறு பக்கம் மிஞ்சும். “ஏதாவது கதை எழுது” என்று சொன்னால் வெற்றுத்தாளைப் பார்த்துக் குழந்தை திகைத்துவிடும். அன்று வாசித்த கதையின் கடைசிப் பக்கத்துக்கு மறுநாள் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லலாம். கதையில் ஓரமாக வந்துபோன பாத்திரம் அதே கதையை எப்படிச் சொல்லும் என்று கேட்கலாம். தகவல் நூல் என்றால் ‘என் எண்’ணுக்குரிய பொருள் பற்றி ஆறு உண்மைகள் போதும். அவற்றை எந்த நூலிலிருந்து எடுத்தார்கள் என்பதைப் பின்னட்டையில் எழுதும் பழக்கத்தை இந்த வயதிலேயே தொடங்கிவிடலாம். முடிந்த நூலுக்குப் பகுப்பு எண் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி, மற்றக் குழந்தைகள் இரவல் எடுக்கும்படி ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் அது வெறும் கைவேலை. தன் நூலை யாரோ இரவல் எடுத்துச் சென்றார்கள் என்று தெரியும் நாளில் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

யாரும் தொடாத நூல்கள்

இந்திய நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. இதையே ஒரு செயல்பாடாக்கலாம். நெடுநாளாக யாரும் எடுக்காத பத்து நூல்களை மேசையில் பரப்பி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, அதற்கு வாசகரைத் தேடித் தரும் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். குழந்தைகள் நூலைப் புரட்டிப் பார்த்து, “இருட்டைக் கண்டு பயப்படுபவர்கள் 12ஆம் பக்கத்தைப் பாருங்கள்” என்பது போல ஒரு சிறு பரிந்துரை அட்டை எழுதி அலமாரி விளிம்பில் ஒட்டலாம். முழுக்கதையையும் சொல்லிவிடக்கூடாது என்பது மட்டுமே விதி. பரிந்துரைக்க எதுவும் இல்லை என்று குழு முடிவு செய்தால், அதையும் காரணத்தோடு எழுதட்டும். நேர்மையான மறுப்புரைக்கும் வாசகர் வருவார்.

மூத்த வகுப்புக் குழந்தை இளைய வகுப்புக் குழந்தைக்குப் படித்துக் காட்டும் இணை வாசிப்பையும் மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். படிக்கத் திணறும் ஐந்தாம் வகுப்பு மாணவர், இரண்டாம் வகுப்புக்கான எளிய நூலைக் கூச்சமின்றிப் பயிற்சி செய்ய இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைகள் இருந்தால், தொட்டுணரும் படங்களும் பிரெய்ல் வரிகளும் ஒட்டிய நூல்களை வகுப்பே சேர்ந்து செய்யலாம்.

பரிசுகளைப் பற்றி

அதிக நூல் படித்தவருக்குப் பரிசு என்று அறிவிப்பது எளிது. அதனால்தான் அது எங்கும் பரவியிருக்கிறது. உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்டிருந்த மழலையருள் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பின்னர் விளையாட்டு நேரத்தில் இவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. இவ்வாய்வு வாசிப்பைப் பற்றியது அன்று. ஆயினும் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்த பின் குழந்தைகள் மெல்லிய நூல்களையே தேடி எடுப்பதைப் பார்த்த எவருக்கும் அதன் பொருள் விளங்கும். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அடுத்து எந்த நூலை வாசித்துக் காட்டுவது என்று தேர்வு செய்யும் உரிமையைக் கொடுக்கலாம்.

குறிப்பேடு

ஒவ்வொரு பாடவேளைக்குப் பின்னும் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். அன்றைய செயல்பாடு என்ன என்பது ஒரு வரி. கடைசி 10 நிமிடத்தில் அதோடு தொடர்புடைய எந்த நூல்களைக் குழந்தைகள் எடுத்தார்கள் என்பது இன்னொரு வரி. சில வாரங்களில் எந்தச் செயல்பாடு எந்த அலமாரிக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்கிறது என்பது பதிவேட்டிலேயே தெரியும். இரண்டு முறை நடத்தியும் இரண்டாவது வரியில் எழுத எதுவும் கிடைக்காத செயல்பாட்டை, அது எவ்வளவு கலகலப்பாக நடந்திருந்தாலும், அடுத்த பருவத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை.